தண்ணி அண்ணனின் பதினேழாம் தட்டு

எங்கள் நாற்றுப்பண்ணைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு தடவை ஏமாந்துபோவார்கள். "தண்ணி அண்ணன் வந்தாச்சா?" என்று யாரோ கேட்பது காதில் விழும். அன்றிலிருந்து அவரிடம் நாலடி தள்ளி நின்றே பேசுவார்கள். காலை பத்து மணிக்கு அவர் பக்கத்தில் போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தவர்களும் உண்டு. அவரோ தேநீரைத் தாண்டி எதையும் தொடாத மனிதர். பண்ணையில் இருக்கிற ஒன்பதாயிரம் செடிகளுக்கும் இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் விடுகிறவர் அவர்தான். பெயர் வந்தது அப்படி.

அதற்கு முன்னால் பஸ் டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தார். "அப்பவும் குழாய், இப்பவும் குழாய். என்ன, பஸ்ஸு வளராது" என்பார். பள்ளிக்கூடம் நாலாவதோடு சரி. கை எப்போதும் ஈரமாகவே இருக்கும். அலுவலகத்துக் காகிதம் எதையும் அவர் கையில் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் மை பரவிவிடும்.

தெற்குக் கடலுக்குள் தனியாகக் கிடக்கிறது எங்கள் தீவு. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் நாலு விதமான பூமி. கிழக்கே மணல்மேடு. அங்கிருக்கும் கொடிகள் மணல் மூட மூட மேலே தலையை நீட்டிக்கொண்டே இருக்கும். ஆறு கடலில் சேருகிற இடத்தில் உவர்ச் சதுப்பு. நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிற இலைகள். நடுவில் மேகம் வந்து உட்காருகிற மலை. அங்கே மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி. மலைக்கு மேற்கே, மழை எட்டிப் பார்க்காத பக்கத்தில், உடைந்த பாறைகள் குவிந்த சரிவு. இந்த நாலு இடத்துச் செடிகளில் பாதிக்குமேல் வேறெந்த நாட்டிலும் கிடையாது. அவற்றை விதையிலிருந்து வளர்த்து, பிறந்த இடத்திலேயே கொண்டுபோய் நடுவதுதான் பண்ணையின் வேலை. ரோஜாச் செடி கேட்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.

நாலு இடத்துக்கும் நாலு வரிசைப் பலகைகள், பலகை மேல் சின்னத் தொட்டிகள் அடுக்கிய, எண் போட்ட தட்டுகள். தண்ணி அண்ணன் ஒவ்வொரு வரிசைக்கும் குழாய் முனையை மாற்றுவார். பெரணிக்குப் பனி மாதிரி, கொடிக்குத் தூறல் மாதிரி. சதுப்புச் செடிகளுக்கு வாரம் ஒரு தடவை ஒரு வாளி கடல்தண்ணீர் கலந்து விடுவார். எந்தத் தொட்டியானாலும் முதலில் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். விரல் சொல்வதுதான் கணக்கு. விட்டு முடித்ததும் பதிவேட்டில் அந்தந்தத் தட்டுக்கு நேராக டிக் போடுவார். எழுத்தில் அவருக்கு நன்றாக வந்தது அந்த டிக் ஒன்றுதான். வாலை நீட்டி அழகாகப் போடுவார்.

இருபத்திரண்டு வருடத்தில் தனிச்செடி போயிருக்கிறது, ஒரு தட்டு முழுசாகப் போனதில்லை. இதை அவர் வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். மண் கலக்குகிற அக்காவுக்கு அது மனப்பாடம். அவர் வாயைத் திறந்ததுமே "தெரியும்ணே, ஒரு தட்டுகூட, அதானே?" என்று அந்த அக்கா முடித்து வைப்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் பதினேழாம் தட்டு வந்தது.

பாறைச் சரிவில் ஒரு மரம் இருக்கிறது. அகலமான இலை, சாம்பல் பட்டை. முழுத் தீவிலும் மிச்சமிருப்பது நாலே நாலு. ஐம்பது வருடமாக அதன் அடியில் ஒரு கன்றுகூடத் தானாக முளைத்ததில்லை. எங்கள் அதிகாரி மேடம் மூன்று வருடம் அந்த நாலு மரத்தடியிலும் வலை கட்டி விதை பிடித்து, கண்ணாடி அறையில் வைத்து, முப்பத்தொரு விதையை முளைக்க வைத்தார். முளைத்ததும் மூன்று மாதப் பயிற்சிக்குக் கடல் தாண்டிப் போக வேண்டிய உத்தரவு வந்துவிட்டது. போகிற அன்று தட்டைத் தானே தூக்கிக்கொண்டு நாலாம் வரிசைக்கு வந்தார்.

"அண்ணே, இது உங்க பொறுப்பு. இதுக்கு எவ்வளவு தண்ணி, எவ்வளவு வெயில்னு எனக்கே தெரியாது. இதைக் குழந்தையா யாரும் பார்த்ததில்ல. நீங்க எப்படி வளர்க்கறீங்களோ அதுதான் இனிமே எல்லாருக்கும் பாடம்."

"கவலையே படாதீங்க மேடம். ஒரு தட்டுகூட..."

"அதனாலதான் உங்ககிட்ட குடுக்கறேன்."

அண்ணன் அந்தத் தட்டைப் பெரணித் தட்டுபோலப் பார்த்துக்கொண்டார். விடிந்ததும் ஒரு தடவை, வெயில் சாயும்போது ஒரு தடவை, நடுவில் மனசு கேட்காமல், பதிவேட்டில் ஏறாமல், ஒரு தடவை. பத்து நாளில் கன்றுகளின் உருவம் மாறத் தொடங்கியது. விதையிலை உதிர்ந்தது. அதற்குப்பின் வந்ததெல்லாம் கம்பி. துருப்பிடித்த மெல்லிய கம்பியைக் கசக்கிப் போட்டதுபோலக் கிளைக்குள் கிளை. கடுகளவில் அங்கங்கே ஓர் இலை. அந்த அகல இலை மரத்தின் பிள்ளை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். மண் அக்கா அதற்குக் கம்பிச்செடி என்று பெயர் வைத்தார்.

அண்ணனுக்கு அது பெயர் இல்லை, நோய். காய்ந்து கருகுகிறது என்று நினைத்தார். தண்ணீரைக் கூட்டினார். கடுகிலையும் உதிர்ந்தது. இன்னும் கூட்டினார். எங்கள் ஊரிலும் செடி வாடினால் தண்ணீர் ஊற்று என்பதைத் தவிர வேறு சட்டம் கிடையாது. எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் தாவரவியலில்; அந்தச் சட்டம் எனக்குள்ளும் அப்படியே இருந்ததால் அவரைக் குறை சொல்ல வாயில்லை. ஐந்தாவது வாரம் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். வேர் கறுத்து, விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவதைக் கவிழ்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. முப்பத்தொன்றும் போச்சு என்று முடிவு கட்டிவிட்டார்.

நேராக அலுவலகத்துக்கு வந்து என்னிடம் சொல்லியிருக்கலாம். வாசல் வரைக்கும் வந்ததாகப் பின்னால் சொன்னார். உள்ளே நான் மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேனாம். திரும்பிப் போனவர், மோட்டார் அறைக்குப் பின்னால் பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்துக் கொட்டிய கான்கிரீட் குவியலில் முப்பத்தொரு கன்றையும் மண்ணோடு தட்டிக் கொட்டினார். தட்டைக் கழுவிப் பலகைக்கு அடியில் செருகினார். குழாயை மூடினார். பிறகு பதிவேட்டைத் திறந்தார்.

நாலாம் வரிசைப் பக்கம் வேறு யாரும் அவ்வளவாகப் போவதில்லை, ஆனால் பதிவேட்டில் பதினேழுக்கு நேராகக் காலியாக விட்டால் யாராவது கேட்பார்கள். அதனால் அன்றைக்கு ஒரு டிக் போட்டார். மறுநாள் நேற்றைக்குப் போட்டதைக் காப்பாற்ற இன்னொன்று. அப்படியே ஏழு வாரம், நாளுக்கு இரண்டு டிக், வால் நீட்டி.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். அந்த டிக்குகளை ஒன்று விடாமல் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். 'கம்பிச்செடி: பராமரிப்புக் குறிப்பு' என்று தலைப்புப் போட்டு, நீலத்தில் ஒரு வரைபடமும் சேர்த்திருந்தேன். அலுவலக நாற்காலியிலிருந்து நாலாம் வரிசைக்கு எண்பது அடி. அந்த எண்பது அடியை நான் நடக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மேடத்தின் போன் வந்தது. திங்கட்கிழமை வருகிறாராம், வந்ததும் பதினேழாம் தட்டைத்தான் பார்ப்பாராம். நல்ல சேதி என்று நானே போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த குழாய் நழுவி, என் கால்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்தது.

"பார்த்துண்ணே!"

"கை ஈரம் தம்பி, வழுக்கிடுச்சு" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததை அவருடைய வீட்டம்மா சொல்லித்தான் நான் அறிவேன். அவர் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர்; பேச்சிலும் மடிப்பு இருக்காது. சனிக்கிழமை மதியம் சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்த மனுஷன் கையை வைக்கவே இல்லையாம்.

"என்ன, சோத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க? அது ஓடியா போகப்போகுது?"

"பசிக்கல."

"நேத்தும் பசிக்கல. பண்ணையில யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. திங்கக்கிழமை சொல்லுவாங்க."

அதற்குமேல் அண்ணனால் அடக்க முடியவில்லை. முப்பத்தொன்றையும் சொன்னார், டிக்குகளையும் சொன்னார். வீட்டம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்க, செடி செத்ததுக்கு உங்களை யாரும் தூக்குல போட மாட்டாங்க. இந்த டிக்கு எதுக்குங்க போட்டீங்க?"

"ஒரு தட்டுகூட விட்டதில்லன்னு..."

"அந்தப் பாட்டை நிறுத்துங்க. கல்யாணம் ஆனதுல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். கொட்டின இடத்துல காஞ்ச குச்சியாவது கிடக்குமில்ல? பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போய், இதுதாம்மா மிச்சம்னு அவங்க முன்னாடி வச்சுடுங்க. வெறுங்கையோட போய் நிக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமையும் செடிகளுக்குத் தாகம் எடுக்கும் என்பதால் அண்ணனுக்கு அன்றும் காலையில் வேலை உண்டு. அன்றைக்கு வீட்டம்மாவும் கூட வந்தார். இத்தனை வருடத்தில் அவர் பண்ணைக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் குழாயைக்கூடத் தொடாமல் நேராக மோட்டார் அறைக்குப் பின்னால் போனார். குவியலைப் பார்க்கப் பிடிக்காமல் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார். வீட்டம்மாதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார்.

"குச்சிதான் கிடக்கு. துருப்பிடிச்ச கம்பி மாதிரி."

"அதேதான். எடு."

வீட்டம்மா ஒன்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்.

"ஏங்க, செத்த செடி இப்படியா பிடிச்சுக்கும்?"

அண்ணன் ஓடினார். முழங்கால் போட்டு உட்கார்ந்து நகத்தால் குச்சியைச் சுரண்டினார். உள்ளே பச்சை. பக்கத்தில் இன்னொன்று, சுரண்டவே வேண்டியிருக்கவில்லை, கணுவுக்குக் கணு கடுகிலை. கான்கிரீட் துண்டைப் புரட்டினால் அடியில் வெள்ளை வேர் நூல் நூலாக ஓடி, கல்லைக் குழந்தை மாதிரி கட்டிப் பிடித்திருந்தது. ஏழு வாரமாக ஒரு சொட்டு விடாத இடம். கடல் பக்கத்திலிருந்து விடிகாலையில் வருகிற ஈரக் காற்று மட்டும்தான்.

எண்ணினார்கள். அவர் எண்ணினால் ஒரு கணக்கு வந்தது, வீட்டம்மா எண்ணினால் ஒரு கணக்கு. மூன்றாவது தடவை இரண்டு பேருக்கும் இருபது வந்தது. அண்ணன் அப்படியே இடிபாட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று வீட்டம்மாவுக்கே பிடிபடவில்லையாம்.

"உயிரோட இருக்கு" என்று அண்ணன் நாலைந்து தடவை சொன்னார்.

"இருக்கு, இருக்கு. நீங்க விட்ட தண்ணியிலதான் பாவம் மூச்சு முட்டியிருக்கு. கைய விட்டதும் எழுந்து உக்காந்துடுச்சு."

அன்று மதியம் வரை இரண்டு பேரும் சேர்ந்து, வேர் பிடித்த கல்லை விட்டு வேரைப் பிரிக்காமல், கல்லோடு கல்லாக ஒவ்வொன்றையும் தூக்கித் தொட்டியில் இறக்கினார்கள். ஒன்றுக்கு மட்டும் வேர் அறுந்தது. பத்தொன்பது சேர்ந்தது. பலகைக்கு அடியிலிருந்து பழைய தட்டு வெளியே வந்தது. வீட்டுக்குப் போனதும் அண்ணன் இரண்டு நாள் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டாராம்.

திங்கட்கிழமை மேடம் பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் நாலாம் வரிசைக்கு வந்தார். தட்டைப் பார்த்ததும் கத்தியேவிட்டார்.

"பத்தொன்பதா! அண்ணே, அஞ்சு பிழைச்சாலே போதும்னு நினைச்சுக்கிட்டு வந்தேன். இது என்ன, கல்லு கலந்து வச்சிருக்கீங்க? நீங்களே யோசிச்சு செஞ்சீங்களா?"

அண்ணன் தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று சொல்ல முடியாத ஆட்டல். மண் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஒரு தட்டுகூட, மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். தப்பித்தாகிவிட்டது. வேலைக்கு ஆபத்தில்லை, பெயருக்கு ஆபத்தில்லை. நானும் சந்தோஷத்தில் என் பராமரிப்புக் குறிப்பை நீட்டினேன்.

மேடம் அதை நின்றபடியே வாசித்தார். நீல வரைபடத்தில் விரலை வைத்தார்.

"தினம் ரெண்டு வேளையா? பன்னிரண்டு வாரமும்?" அவர் முகம் மாறியது. "இப்பத்தான் எனக்குப் புரியுது. சரிவுல ஐம்பது வருஷமா ஒரு கன்றுகூட முளைக்காததுக்குக் காரணம் தண்ணி இல்லாததுதான். அடுத்த பருவத்துல இருநூறு விதை போடறோம். சரிவு வரைக்கும் குழாய் இழுத்துடலாம். இந்தக் குறிப்பை மத்த மூணு பண்ணைக்கும் இன்னிக்கே அனுப்பிடு தம்பி. மிச்ச விதையெல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு."

"சரிங்க மேடம்" என்று நான் திரும்பினேன். என் பெயர் போட்ட குறிப்பு மூன்று பண்ணைக்குப் போகிறது. கால் தரையில் பாவவில்லை.

"தம்பி, அனுப்பாதே."

அண்ணன்தான். குழாயைக் கீழே போட்டிருந்தார். தண்ணீர் நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் தண்ணீர் வீணாக ஓடி அவர் பார்த்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

"மேடம், அந்த டிக்கு பொய்."

"எந்த டிக்கு?"

"கடைசி ஏழு வாரம். தட்டே இல்ல மேடம் அப்ப. செத்துப்போச்சுன்னு இடிச்ச கல்லு மேல கொட்டிட்டேன். பயத்துல டிக்கு போட்டேன். நேத்துதான் போய்ப் பார்த்தேன். தண்ணி விட்ட அஞ்சு வாரத்துல பாதி அழுகிடுச்சு. விடாத ஏழு வாரத்துலதான் மிச்சம் பிழைச்சுது." மூச்சு வாங்கியது. "இந்தக் காகிதத்தை நம்பி மத்தவங்களும் ரெண்டு வேளை விட்டாங்கன்னா, நான் பதினொண்ணு கொன்னேன், அவங்க இருநூறையும் கொன்னுடுவாங்க."

மண் அக்காதான் போய்க் குழாயை மூடினார்.

மேடம் தட்டின் அருகே குனிந்து, ஒரு தொட்டியை எடுத்து, கல்லைப் பிடித்திருந்த வேரை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்ட கேள்வியில் கோபத்துக்கு முன்னால் அவசரம் இருந்தது.

"எந்தக் கல்லு? எனக்கு இடத்தைக் காட்டுங்க."

காட்டினார். வேர் அறுந்து விட்டுவிட்டு வந்த அந்த ஒன்றும் அங்கேயே தலை நிமிர்ந்து நின்றது. சரிவிலும் இப்படித்தான் உடைந்த பாறை. ஆனால் ஐம்பது வருடமாக வெளியிலிருந்து வந்த புல் ஏறி அந்தக் கல்லையெல்லாம் மூடிவிட்டது. விழுகிற விதைக்கு வெறும் கல் கிடைக்கவில்லை. கிடைத்தது புல்லும், புல் பிடித்து வைத்த ஈரமும்தான். கம்பி உருவமும் நோயில்லை, இந்த மரத்தின் சின்ன வயசு உருவமே அதுதான். இதையெல்லாம் மேடம் இடிபாட்டின் மேல் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத்தான் அண்ணனைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். "பொய் டிக்கு போடறதுக்குப் பதிலா எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? நான் என்ன புலியா?" என்பதில் தொடங்கிப் பத்து நிமிடம். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த பத்து நிமிடம் எனக்கு. அந்த எண்பது அடிக்காக.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தட்டச்சு செய்து கொடுத்தோம். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார், மை பரவவில்லை.

"என்ன எழுதியிருக்கு தம்பி? படி."

"இனிமே பொய் டிக்கு போட்டா வேலை போயிடும்னு எழுதியிருக்குண்ணே."

"நியாயம்தான்" என்று நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வீட்டுல கேப்பா. காட்டணும்."

பராமரிப்புக் குறிப்பைப் புதிதாக எழுதினேன். நீல வரைபடம் போய்விட்டது. அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதிய நாலே வரிகள் இருக்கின்றன: 'முதல் ஐந்து வாரம் தண்ணீர் விட்டோம், பதினொன்று செத்தன. அடுத்த ஏழு வாரம் உடைந்த கல்லில் போட்டு மறந்தோம், இருபது பிழைத்தன. பார்க்கச் செத்ததுபோல இருக்கும். நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம்.' மூன்று பண்ணைக்கும் அதுதான் போனது. அதில் என் பெயருக்கு முன்னால் அவர் பெயர்.

அடுத்த மாதம் சரிவில் புல்லைச் செதுக்கி எடுத்து, பாறையை வெளியே கொண்டுவந்து, பத்தொன்பதையும் நட்டோம். அண்ணனும் வந்தார். குழாய் இல்லாமல் அவருக்கு எங்கே நிற்பதென்றே தெரியவில்லை. ஒவ்வொரு கன்றின் அருகிலும் குனிந்து, பழக்கதோஷத்தில் ஆள்காட்டி விரலை நீட்டுவார். கல்லில் இடித்துக்கொண்டு திரும்ப எடுப்பார். என் தண்ணீர் பாட்டிலை இரண்டு தடவை திரும்பிப் பார்த்ததையும் கவனித்தேன்.

கீழேயிருந்து மேடம் குரல் கொடுத்தார். "அண்ணே, ரெண்டு கையையும் பைக்குள்ள விடுங்க!"

"விட்டுட்டேன் மேடம்."

விட்டிருந்தார். மதியம் இறங்கி வரும்போதுதான் வெளியே எடுத்தார். அவரே உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காய்ந்திருந்தது. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "பசிக்குது தம்பி, சீக்கிரம் நட" என்றார்.